மெதுவா இறங்கி வா

பதினோராவது மாடியில் போன் கையிலிருந்து நழுவியது. லிஃப்டின் கூண்டுக்கும் வாசல் விளிம்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும் அல்லவா, கீழே விழுகிற பொருள் எதுவாக இருந்தாலும் அந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் விழும். சாவிக்கொத்து, ஒற்றைக் காதணி, குழந்தையின் பால்பாட்டில் மூடி என்று அந்த வழியாகப் போனவை ஏராளம். அவற்றையெல்லாம் அடியிலுள்ள குழியில் இறங்கித் தேடி எடுத்துக் கொடுப்பது லிஃப்ட் மெக்கானிக்கான அவன் வேலைகளில் ஒன்று. அன்றைக்கு அவனுடைய போனே அந்த வழியாகப் போய்விட்டது. முதலில் எங்கோ இரும்பில் இடித்து 'டங்' என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெகு கீழே, கண்ணாடி டம்ளர் உடைவதுபோல் ஒரு சத்தம்.

"போச்சு," என்றான் அவன்.

அவனைப் பொறுத்தவரை அது பெரிய பேச்சு. கம்பெனியில் அவனுக்குப் பெயரே சைலண்ட். அவனோடு சேர்ந்து வேலை பார்ப்பவனுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோ காலையில் வேனில் ஏறும்போது வாயைத் திறந்தால் சாயங்காலம் இறங்கும்போதுதான் மூடுவான். இந்த இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பினால்தான் கணக்கு சரியாக வரும் என்று சூப்பர்வைசர் சொல்லுவார்.

"போச்சுன்னு சொல்லாத மாப்ள," என்றான் ரேடியோ, இடைவெளி வழியாக ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்தபடி. "போய்ச் சேர்ந்துடுச்சுன்னு சொல்லு."

குழியில் இறங்கிப் பார்த்தபோது ரேடியோ சொன்னது சரிதான் என்று தெரிந்தது. போன் மூன்று துண்டாகக் கிடந்தது. சிம் கார்டு மட்டும் உயிரோடு இருந்தது. அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். புது போன் வாங்க வேண்டும். கடையில் சொன்னால் வர ஒரு வாரமாகும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது?

"வீட்ல பழசு ஏதாவது இருக்கும் பாரு," என்றான் ரேடியோ. "எல்லார் வீட்லயும் ஒண்ணு தூங்கிட்டிருக்கும்."

இருந்தது. அவன் மனைவிக்கு ஒரு பொருளைத் தூக்கிப் போடுவதென்றால் கை வராது. அலமாரியின் கீழ் இழுப்பறையில், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஒற்றைக் காலுறைக்குள் அந்தப் பழைய போனைப் பத்திரமாகச் செருகி வைத்திருந்தாள். சார்ஜர் வயரை அதே காலுறைமேல் சுற்றி ரப்பர் பேண்டும் போட்டிருந்தாள்.

சார்ஜில் மாட்டியதும் அது உடனே விழித்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பினால் யார்தான் உடனே எழுந்திருப்பார்கள்? அவன் பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் திரையில் வெளிச்சம் வந்தது. அதைக் கையில் எடுத்தான். எடுத்ததும் அவனுக்கு ஒன்று தோன்றியது: இதை நான் எடுக்கவில்லை, இதுவே கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கிய போன் அது. ஏழெட்டு வருஷம் அதைத் தினமும் வைத்திருந்தான். அது பார்க்காத லிஃப்ட் இந்த ஊரில் இல்லை. எண்ணெய் குடித்தது, மழையில் நனைந்தது, ஒருமுறை சாம்பார் வாளி அளவுக்கு இருந்த கிரீஸ் டப்பாவுக்குள் விழுந்து முழுகி எழுந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. முதுகுப் பக்கத்தில் அவனுடைய ஆட்காட்டி விரல் படியும் இடம் மட்டும் பளபளப்பு தேய்ந்து மங்கலாகியிருந்தது. இப்போது விரல் தானாக அங்கேயே போய் நின்றது. கட்டைவிரல் திரையின் நான்கு மூலைக்கும் எட்டியது. உடைந்துபோன புதுப் போனைப் பிடிப்பதற்கு இரண்டு கை வேண்டும். சின்னப் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைவதுபோல இருக்கும். இதில் கீழே வட்டமாக ஒரு பட்டன்கூட இருந்தது. அமுக்கினால் 'க்ளக்' என்று உள்ளே போய் வந்தது. காரணமில்லாமல் அதை நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தான்.

"அப்பா, இது குட்டி போனா?" என்றாள் மகள். இரண்டாம் வகுப்பு. "வளருமா?"

"வளராது."

"யாரு இந்த மொட்டை?" திரையில் தலை நிறைய சோப்பு நுரையோடு ஒரு குழந்தை ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நீதான்."

"பொய்!" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்து, அதன் பிறகு அந்த மொட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அரட்டை அடிக்கும் அந்த ஆப் பழைய போனில் வேலை செய்யவில்லை. இந்தக் கருவிக்கு இனிமேல் கிடையாது என்று எழுதிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. அவன் இரண்டுமுறை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டான். விட்டதும்தான் தெரிந்தது, என்னவெல்லாம் போய்விட்டதென்று. விடிந்ததும் பூ படம் அனுப்பும் சொந்தக்காரர்கள் இல்லை. தண்ணீர் மோட்டாரை யார் அணைக்கவில்லை என்று குடியிருப்புக் குழுவில் நடக்கும் யுத்தம் இல்லை. வேலைக்கு ஒரு குரூப், அந்த வேலையைப் பற்றிப் புலம்ப இன்னொரு குரூப், இரண்டும் இல்லை. இறுக்கமான சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல் இருந்தது அவனுக்கு. இனி யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண மெசேஜ் போட வேண்டும். அவ்வளவுதான்.

எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான். பின்னால் வந்து எட்டிப் பார்த்த மனைவியும் அதே இடத்தைத்தான் பார்த்தாள்.

"இன்னும் 'மேல்மாடி'ன்னா இருக்கு?" என்றாள்.

"மாத்தல," என்றான் அவன். உடைந்த போனில் அவள் பெயர் 'வீடு' என்று இருந்தது. இதில் மேல்மாடி.

அதற்குக் காரணம் உண்டு. அவன் அவளை முதலில் பார்த்தது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில். அங்கே லிஃப்ட் பராமரிப்பு அவன் பொறுப்பு. ஆறாவது மாடி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அத்தனை பேரும் லிஃப்டில் ஏற, அவள் மட்டும் தினமும் படியில் ஏறினாள். ஒருநாள் தாங்க முடியாமல், அவனே வாயைத் திறந்து ஏன் என்று கேட்டுவிட்டான்.

"கயித்துல தொங்குற ரூமுக்குள்ள யாராவது போய் நிப்பாங்களா?" என்றாள் அவள்.

"ஒரு கயிறு இல்லங்க. அஞ்சு இரும்புக் கயிறு."

"சரி, அஞ்சு கயித்துல தொங்குற ரூமு."

அவள் இன்றுவரை லிஃப்டில் ஏறியதில்லை. லிஃப்ட்காரன் பெண்டாட்டி படியில் ஏறுகிறாள் என்று கம்பெனியில் அது ஒரு பெரிய வேடிக்கை. அந்தக் காலத்தில் அவன் சாயங்காலங்களில் கட்டடத்துக்குக் கீழே வந்து நிற்பான். நிற்கிறேன் என்று மேலே அவளுக்கு மெசேஜ் போடுவான். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் அவளுக்குப் படிக்கவே பிடிக்காது என்பதால் தமிழ் எழுத்திலேயே தேடித் தேடி அடிப்பான். வாயால் பேச வராதவனுக்கு விரலால் நன்றாகப் பேச வந்தது. பேசிப் பேசித்தான் கல்யாணமே நடந்தது.

இப்போது அவள் கண்ணாடிக்கடை ஒன்றில் இருக்கிறாள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி பிரேமைச் சூடுபடுத்தி வளைத்துக் கொடுப்பாள். கடை இரண்டாவது மாடியில். அவன் காலையில் கிளம்பும்போது அவள் குளித்துக்கொண்டிருப்பாள். அவள் இரவு வரும்போது அவன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பான். நடுவில் போகிற மெசேஜ்கள் இப்படித்தான் இருக்கும்: 'பால்.' 'சரி.' 'லேட்.' 'சரி.' சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் நேரம் வேண்டுமே.

பழைய போனோடு வேலைக்குப் போன மூன்றாவது நாள் அது நடந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டு, இந்தக் கட்டடம் முடிந்ததும் இன்னொரு கட்டடத்துக்கும் போகச் சொன்னார். இரவு தாமதமாகும். அதை மனைவிக்குச் சொல்லிவிடலாமென்று அவன் போனை எடுத்தான். விரலெல்லாம் கிரீஸ். 'நான்' என்று அடித்தான். எழுத்துப் பலகைக்கு மேலே, அடுத்த வார்த்தை இதுவா என்று கேட்டு மூன்று வார்த்தைகள் வந்து நின்றன. 'வர' என்றுதான் இருக்கும் என்று நினைத்து நடுவில் இருந்ததைத் தொட்டான். போன் அசையவில்லை. பழைய போன் அப்படித்தான், நடுநடுவே மூச்சுவாங்கும். அவன் பழைய பழக்கத்தில் அதன் மேலேயே தட்டு தட்டென்று தட்டினான். திரை ஒருமுறை சிமிட்டியது. ஒரு வரி நிறைந்துவிட்டதுபோல் தெரிந்ததும், படித்துப் பார்க்காமலே அனுப்பும் பட்டனை அமுக்கினான். போய்விட்டது என்று டிக் விழுந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு ரேடியோவோடு குழிக்குள் இறங்கினான். குழிக்குள் சிக்னல் கிடையாது.

ஏறி மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பையில் போன் அடுத்தடுத்து நான்குமுறை துடித்தது. மேல்மாடியிடமிருந்து நான்கு மெசேஜ்.

'நிஜமாவா?'

'ஓனரம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்.'

'இறங்கிட்டேன்.'

'எந்தப் பக்கம் நிக்கிறீங்க?'

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே தள்ளிப் பார்த்தான். அவன் அனுப்பிய மெசேஜ் இருந்தது. அதில் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

'நான் கீழ நிக்கிறேன் மெதுவா இறங்கி வா.'

அவனுக்கு நடந்தது என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. அந்த ஒரே வரியை அந்தக் காலத்தில் அவன் எத்தனை சாயங்காலம் அடித்திருப்பான்! போனுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. 'நான்' என்றால் அதற்கு அடுத்து 'கீழ'தான். திரை உறைந்திருந்த நேரத்தில் அவன் தட்டிய தட்டெல்லாம் சேர்ந்து, ஒரு தட்டுக்கு ஒரு வார்த்தையாக, முழு வரியையும் கோத்துக் கொடுத்துவிட்டது.

"ரேடியோ," என்றான் அவன் பலவீனமாக. போனை நீட்டினான்.

ரேடியோ படித்தான். திரும்பப் படித்தான். மூன்றாவது தரம் ராகம் போட்டுப் படித்தான்.

"தப்பாப் போயிடுச்சுன்னு சொல்லிடறேன்," என்று சொல்லி, அவன் தன் போனைத் திரும்ப வாங்கி 'தப்பா' என்று அடிக்க ஆரம்பித்தான். மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த போன், அந்த வார்த்தையைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொண்டது. பட்டனை அமுக்கினான். க்ளக். மறுபடி அமுக்கினான். க்ளக். ஒன்றுமில்லை.

"உன் போனைக் குடு. கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"தெரியாம அனுப்பிட்டேன்னு. மேல போயிடச் சொல்லி."

ரேடியோ தன் போனைப் பின்பையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "மாப்ள, நான் வாழ்க்கையில ஆயிரம் உளறியிருக்கேன். இப்ப ஒண்ணு மட்டும் உருப்படியா சொல்றேன், கேளு. ஆசையா இறங்கி வந்தவளைத் திரும்பி மேல ஏறச் சொன்னேன்னு வை, அப்புறம் நீ எத்தனை லிஃப்ட் ரிப்பேர் பண்ணாலும் அதை ரிப்பேர் பண்ண முடியாது. ஓடு."

"வேலை?"

"ரெண்டாவது கட்டடம் நான் பாத்துக்கறேன். சூப்பர்வைசர் கேட்டா உனக்கு வயித்துவலின்னு சொல்றேன். வேண்டாம், நான் ஆரம்பிச்சா அதை ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோயிடுவேன். குடும்ப விஷயம்னு சொல்றேன். பொய்யா என்ன?"

அவன் குழாயடியில் முகத்தைக் கழுவினான். கையில் சோப்பு போட்டுத் தேய்த்தான்; கிரீஸ் நகக்கண்ணில் இருந்தது இருந்தபடி இருந்தது. வேனை எடுக்க முடியாது, அதில்தான் சாமான்கள் எல்லாம். பஸ் பிடித்தான். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனான், நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்பதுபோல. இத்தனை நேரம் யார் காத்திருப்பார்கள்? இறங்கி வந்திருப்பாள், நாலு பக்கமும் பார்த்திருப்பாள், போன் போட்டிருப்பாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்திருக்கும். முகம் சுண்டிப்போய் மறுபடி இரண்டு மாடி ஏறியிருப்பாள். ஓனரம்மா, "என்னம்மா, வரலையா?" என்று கேட்டிருப்பார். அதை நினைத்ததும் அவன் டிரைவர் பக்கமாக இன்னும் இரண்டு அடி முன்னால் போய் நின்றான்.

நிறுத்தத்தில் இறங்கி ஓடினான். கட்டடத்தின் முன்வாசல் தெரிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் பூச்செடித் தொட்டியின் அகலமான விளிம்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காவல்காரரோடு ஏதோ பேசிச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி.

மூச்சு வாங்க முன்னால் போய் நின்றான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள் சாவதானமாக. "பஸ் லேட்டா?"

"நீ... போகலையா? இவ்வளவு நேரமா..."

"எங்க போறது? எனக்கு உங்களைத் தெரியாதா? எந்தப் பக்கம்னு கேட்டது சும்மா. அப்பல்லாம் மட்டும் என்ன, நின்னுக்கிட்டா மெசேஜ் போட்டீங்க? கீழ நிக்கிறேன்னு மெசேஜ் போட்டுட்டுதானே அங்க பஸ்ஸே ஏறுவீங்க?"

அது அவன் ரகசியம். அந்த நாட்களில் அவன் வேலை முடிந்து கிளம்பும்போதே அந்த மெசேஜைப் போட்டுவிடுவான். அவள் மேசையை ஒதுக்கி, பையை எடுத்து, முகம் கழுவி, ஆறு மாடி இறங்கி வருவதற்குள் பஸ் கொண்டுவந்து விட்டுவிடும் என்று ஒரு கணக்கு. ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

"எப்படித் தெரியும்?"

"ஆறாவது மாடி ஜன்னல்ல நின்னா பஸ் ஸ்டாப் தெரியும்ல," என்றாள் அவள். "நீங்க இறங்கறதைப் பாத்துட்டுதான் நான் படியில காலே வைப்பேன்."

காவல்காரர் நாகரிகமாகத் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் அவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பொய்யாக நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. திக்கித் திணறி நடந்ததைச் சொன்னான். திரை உறைந்தது, தட்டியது, வார்த்தைகள் தானாகக் கோத்துக்கொண்டது, எல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "அப்ப நீங்க கூப்பிடலை," என்றாள் கடைசியில், பையின் வாரைச் சரிசெய்துகொண்டு.

அவன் வாயில் வார்த்தை எப்போதும் தட்டுப்பாடு. கையில் செத்துக்கிடக்கும் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அனுப்பினது இது," என்றான். "ஓடி வந்தது நான்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த சட்டைக் காலர், வியர்வை, நெற்றி ஓரத்தில் கழுவாமல் விட்டுப்போன ஒரு கோடு கிரீஸ். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் காவல்காரரும் வானத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நானும் இல்ல. வாங்க. அரைநாள் லீவு சொல்லிட்டேன், சும்மா போகுது."

தெரு முனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. மேசைகள் நெருக்கமாக இருந்தன. கல்லாவில் இருந்தவரிடம் சார்ஜர் கேட்டபோது, அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கூடை வயரை எடுத்து வைத்தார். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் மறந்துவிட்டுப் போனவையாம். அந்தச் சிக்கலுக்குள் எங்கோ அடியில் பழைய போனுக்குப் பொருந்துகிற ஒன்றும் இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் போன் கண் திறந்தது.

"குடுங்க பாக்கலாம்," என்று அவள் வாங்கிக்கொண்டாள். "வேற என்னல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு?"

'நீ' என்று அடித்தாள். மூன்று வார்த்தை வந்தது. நடுவில் இருந்ததைத் தொட்டாள். அடுத்த மூன்று. அதிலும் நடுவில் இருந்தது. அப்படியே தொட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"நீ இல்லாம மோட்டார் ஓடாது சார் நாளைக்கு வரேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அந்தப் போனுக்கு என்ன தெரியும்? பகலில் கட்டட முதலாளிகளுக்கு அனுப்பியதும் சாயங்காலத்தில் அவளுக்கு அனுப்பியதும் அதற்கு ஒன்றுதான். அவள் ஆவலாக அடுத்ததை அடித்தாள். 'என்.'

"என் கண்ணு பேரிங் தேஞ்சுபோச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அதற்குள் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "'ரொம்ப'ன்னு அடி," என்றான்.

"ரொம்ப அழகா இருக்க உடனே கிரீஸ் போடணும்."

அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் காரணம் தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார். கல்லாக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் 'கோவமா' என்று அடித்தாள்.

'கோவமா இருக்கியா பேசு பேசு பேசு பேசு' என்று வந்தது. எத்தனை தரம் தொட்டாலும் அதற்குப் பிறகு 'பேசு'வைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

"இது அந்தச் சண்டை," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடி. நான் பேசாம இருந்தேனே, ஒரு வாரம்."

"மூணு நாள்."

"எனக்கு ஒரு வாரம் மாதிரி இருந்துச்சு." போனைத் திருப்பி அதன் முதுகில் மங்கிய இடத்தைத் தடவினாள். "வாயால பேசாததையெல்லாம் இதுலதான் கொட்டியிருக்கீங்க. அப்புறம் எங்க போச்சு அத்தனை பேச்சும்?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அப்ப நீ மேல இருந்த. கீழ இருந்து கூப்பிட வேண்டியிருந்துச்சு. இப்பதான் பக்கத்துலயே இருக்கியே."

"பக்கத்துல இருந்தா பேசக் கூடாதுன்னு சட்டமா?"

"இல்ல."

"பின்ன?"

"பேசறேன்," என்றான் அவன். சொல்லிவிட்டுச் சும்மா இராமல், பேசவும் செய்தான். குழியில் விழுந்த போனைப் பற்றி ரேடியோ சொன்ன இரங்கல் உரையைச் சொன்னான். பத்தாவது மாடியில் இருக்கும் ஒருவர் தன் பூனைக்கு லிஃப்டில் எந்தப் பட்டன் என்று தெரியும் என்று சத்தியம் செய்ததைச் சொன்னான். அவள், ஒருவர் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கடைக்கு வந்து, கண்ணாடி தொலைந்துவிட்டது, புதிது வேண்டும் என்று கேட்டதைச் சொன்னாள். விற்றுவிட்டாயா என்று அவன் கேட்டான். விற்றிருந்தால் ஓனரம்மா சம்பளம் ஏற்றியிருப்பார் என்றாள் அவள்.

கடையை விட்டு வெளியே வந்தபோதும் பொழுது நிறைய மிச்சமிருந்தது. மகள் பள்ளி விடும் நேரம் நெருங்கியிருந்தது. அவள் தினமும் பள்ளி வேனில்தான் வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டில் இருப்பாள். "இன்னிக்கு நாமளே போய்க் கூட்டிட்டு வரலாமா?" என்றாள் மனைவி. வேன்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு நடந்தார்கள்.

பள்ளிக் கதவு திறந்ததும் பிள்ளைகள் வெள்ளமாக வெளியே வந்தார்கள். அந்த வெள்ளத்தில் வந்த மகள், கதவுக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் சேர்ந்தாற்போல் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதிக்கொண்டு போனார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் கலவரமாக.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"எனக்கு ஊசியா?"

"இல்லடி."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் வந்திருக்கீங்க? ஏன் சிரிக்கிறீங்க?" இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவள் டீச்சர் அப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது.

வீடுவரை நடந்தே போனார்கள். வழியெல்லாம் போன் மகள் கையில். எழுத்துக் கூட்டி அவளும் வார்த்தைகள் அடித்து நடுவில் இருந்ததைத் தொட்டுக்கொண்டே வந்தாள். பூனை என்று அடித்தாள், ஒன்றும் வரவில்லை. டீச்சர் என்று அடித்தாள், வரவில்லை. பிறகு தன்னை வீட்டில் கூப்பிடும் பெயரை அடித்தாள். குட்டி. வார்த்தைகள் வரிசையாக வந்தன. நடைபாதையில் நின்று, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள்.

"குட்டி... தூங்கிட்டாளா... சத்தம்... போடாம... வரேன்."

நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். "அப்பா! நான் இருக்கேன் இதுக்குள்ள!"

அதை வீட்டுக்குப் போவதற்குள் பத்துப் பதினைந்து தடவையாவது படித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினாள். அன்று இரவு அவன்தான் அவளைத் தூங்க வைத்தான். அவள் தூங்கிய பிறகு கூடத்தில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லும்படி ஒன்றுமில்லை. காய்கறி, வாடகை, அவள் அண்ணன், பால்கனிக் குழாயில் ஒழுகும் தண்ணீர். ஆனால் ஒருவர் நிறுத்தினால் மற்றவர் எடுத்துக்கொண்டார்.

வாரம் முடிந்து புதுப் போன் வந்தது. பெட்டியைத் திறந்து அதைக் கையில் எடுத்தான். மறுபடியும் பலகை. பழையதிலிருந்து சிம்மை எடுக்கப்போனபோது மனைவி கையை நீட்டினாள்.

"அதை என்ன பண்ணப் போறீங்க?"

"காலுறைக்குள்ள வச்சிடலாம்."

"வேண்டாம். என் சிம்மை அதுல போட்டுக் குடுங்க."

"அதுல ஒண்ணும் வராதே? உன் கடை குரூப்பு?"

"வராட்டி போகட்டும். ஓனரம்மாவுக்கு வேணும்னா கூப்பிடட்டும். அந்தப் பெரிசைப் பிடிச்சுப் பிடிச்சு என் சுண்டுவிரல் வளைஞ்சே போச்சு." சொல்லிவிட்டு, அவன் மாட்டிக் கொடுத்த போனைப் பட்டென்று வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் அதன்பிறகு பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைத்திருக்காது.

இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் அவனும் ரேடியோவும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். புதுப் போன் பெட்டியின்மேல் கிடந்தது. அது மினுக்கியது. கை வேலையாக இருந்ததால் அவன் ரேடியோவைப் பார்க்கச் சொன்னான்.

"இதுலயும் மேல்மாடிதானா?" என்றபடி எடுத்த ரேடியோ, படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான். "மாப்ள, உன் வீட்டம்மா நம்ம கம்பெனில சேர்ந்துட்டாங்களா?"

"ஏன்?"

"'சார் சாப்ட்டியா கண்ணு லிஃப்ட் ரெடி நீ இல்லாம போரடிக்குது ஸ்பேனர் எடுத்துட்டு சீக்கிரம் வா'ன்னு போட்டிருக்காங்க."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு அவன் சிரித்தான். கூட வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து ரேடியோ கேட்டதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு தரையிலுள்ள துவாரங்கள் வழியாக இறங்கி, இரும்புக் கயிறுகளோடு பன்னிரண்டு மாடியும் போய், அடியில் மோதி, இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது.

நான்காவது மாடியில் யாரோ ஒருவர் லிஃப்ட் கதவைத் தட்டினார். "ஐயோ, யாருங்க உள்ள? மாட்டிக்கிட்டீங்களா?" என்று பதறிய குரல் மேலே வந்தது.

ரேடியோ துவாரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

"ஆமாங்க, மாட்டிக்கிட்டு பத்து வருஷம் ஆச்சு!" என்று கீழே கத்தினான். "நீங்க கவலைப்படாதீங்க, ஆள் நல்லா இருக்கான்!"